ஆங்கிலம் கற்பது வேறு, ஆங்கிலத் துறையில் படிப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் நாள்களில் பத்திரிகைகளின் கல்விப் பக்கங்களில் ஆங்கில இலக்கியப் படிப்புக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் இரண்டே வரி. ‘ஆங்கிலம் சரளமாக வரும், வேலை கிடைக்கும்’ என்பது முதல் வரி. ‘இப்போதெல்லாம் வரலாறு, உளவியல், சூழலியல், கணினி என்று எதனோடும் சேர்த்துப் படிக்கலாம்’ என்பது இரண்டாவது. இரண்டும் முழுப் பொய் அல்ல. ஆனால் இவற்றை மட்டும் நம்பிச் சேரும் மாணவர் இரண்டாம் செமஸ்டரிலேயே திண்டாடுகிறார். அது ஏன் என்பதை, இந்தப் பாடங்களைக் கற்பிப்பவர்கள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுத இடம் கேட்கிறோம்.

முதலில் அந்தச் சரளம். ஆங்கிலத் துறை பேச்சு ஆங்கிலப் பயிற்சி மையம் அல்ல. மூன்று நான்கு ஆண்டுகளில் வாசிப்பு ஆழமாகும், எழுத்து கூர்மையாகும். அதுவும் தவறாமல் எழுதி, திருத்தம் வாங்கி, திருத்தியதை மறுபடி எழுதினால்தான். பேச்சு என்பது வகுப்பில் வாயைத் திறப்பவருக்கு வரும், திறக்காதவருக்கு வராது. அடிப்படை இலக்கணத்தில் தடுமாற்றம் இருந்தால் அதைச் சேருவதற்கு முன்போ, முதல் சில மாதங்களிலோ தனியாகச் சரிசெய்துகொள்ள வேண்டும். 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் மில்டனை வைத்துக்கொண்டு இறந்தகாலமும் நிகழ்காலமும் கற்றுக்கொள்ள முடியாது.

பிறகு அங்கே என்னதான் கற்றுத்தருகிறார்கள்? ஒரே சொல்லில் சொன்னால், வாசிக்க. வேடிக்கையாகத் தோன்றலாம். 1920-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் ஒரு சோதனை செய்தார். கவிதைகளை எழுதியவர் பெயரும் ஆண்டும் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதிவரச் சொன்னார். நன்றாகப் படித்தவர்களே நேர்ப்பொருளில் கோட்டைவிட்டார்கள். பேர்போன கவிஞரைத் தூக்கியெறிந்தார்கள், சாதாரணச் செய்யுளைக் கொண்டாடினார்கள். அந்த விடைத்தாள்களை அலசி அவர் 1929-இல் வெளியிட்ட நூல்தான் நுணுகி வாசித்தல் என்ற பயிற்சி உலகமெங்கும் பரவ ஒரு முக்கியக் காரணம். இன்றும் முதலாண்டு மாணவரின் சிக்கல் அதேதான். கவிஞர் பெயரைப் பார்த்ததும் நோட்ஸ் நினைவுக்கு வந்துவிடுகிறது, கவிதை கண்ணில் படுவதில்லை.

ஓர் உதாரணம். வில்லியம் பிளேக் 1794-இல் வெளியிட்ட ‘லண்டன்’ என்ற கவிதை, மொத்தம் 16 வரி. அதில் ‘எவ்ரி’ (ஒவ்வொரு) என்ற சொல் 7 முறை வருகிறது. ‘மார்க்’ அடுத்தடுத்த இரண்டு வரிகளில் 3 முறை. முதலில் வருவது வினை: கவனிக்கிறேன். அடுத்த இரண்டும் பெயர்ச்சொல்: முகத்தில் உள்ள வடு. பார்ப்பவன் செய்வதற்கும் பார்க்கப்படுபவர் சுமப்பதற்கும் ஒரே சொல். இதைக் கண்டுபிடிக்க நோட்ஸ் வேண்டாம், பென்சில் போதும். அடுத்தது ‘சார்ட்டர்ட்’. தெருவுக்கும் அதே அடைமொழி, தேம்ஸ் நதிக்கும் அதே அடைமொழி. பிளேக்கின் கையெழுத்து நோட்டில் அந்த இடத்தில் முதலில் இருந்தது ‘டர்ட்டி’, அழுக்கான என்ற சாதாரணச் சொல். அதை மாற்றித்தான் இதைப் போட்டிருக்கிறார். சார்ட்டர் என்றால் அரசு கம்பெனிகளுக்கும் நகரங்களுக்கும் எழுதிக்கொடுக்கும் உரிமைச் சாசனம். வாடகைக்கு அமர்த்துவது என்ற பொருளும் உண்டு. ஓடுகிற ஆற்றுக்கும் பட்டா போட்டாயிற்று என்ற தொனி அந்த ஒரு மாற்றத்தில் வந்துவிடுகிறது. இந்தச் சாசனங்கள் உரிமை தருவதில்லை, மற்றவர்களின் உரிமையைப் பறிக்கின்றன என்று அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெய்ன் 1792-இல்தான் வாதிட்டு எழுதியிருந்தார்.

இலக்கியம், சட்டம், அரசியல் மூன்றும் இங்கே ஒரு சொல்லில் சந்திக்கின்றன. ஆனால் வரிசை முக்கியம். முதலில் சொல் உறுத்த வேண்டும். அப்புறம்தான் பெய்னைத் தேடிப் போக வேண்டும். மாறாக, தொழிற்புரட்சி பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு ‘இதைத்தான் பிளேக்கும் சொல்கிறார்’ என்று முடிக்கும் கட்டுரைக்கு மதிப்பெண் வராது. அந்த இரண்டு பக்கத்துக்குக் கவிதையே தேவைப்படவில்லையே.

சொல் உறுத்தினால் எங்கே போய்ப் பார்ப்பது? கையடக்க அகராதியிலும் செல்பேசி அகராதியிலும் இன்றைய பொருள்தான் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி (1884-இல் முதல் பகுதி வந்து, 1928-இல் முழுமை பெற்றது) ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு குறித்த மேற்கோள்களைப் பழையது முதலாக அடுக்கித் தருகிறது. படைப்பு வந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் அந்தச் சொல் எந்தப் பொருளில் புழங்கியது என்று அதில் பார்க்க வேண்டும். ‘நைஸ்’ ஒரு காலத்தில் அறிவற்றவன், ‘சில்லி’ ஒரு காலத்தில் பேறு பெற்றவன். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். பழைய பாட்டில் வரும் நாற்றத்தைத் துர்நாற்றம் என்று உரை எழுதினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கின்றன அகராதியைப் புரட்டாமல் எழுதப்படும் பல ஆங்கிலக் கட்டுரைகள்.

இனி அந்த இரண்டாவது வரிக்கு வருவோம். துறைகளைச் சேர்த்துப் படிப்பது நேற்று முளைத்த மோகம் அல்ல. அறிவியலாரும் இலக்கியவாதிகளும் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத இரு முகாம்களாகிவிட்டார்கள் என்று அறிவியலும் நாவலும் அறிந்த ஆங்கில எழுத்தாளர் சி. பி. ஸ்னோ உரையாற்றியது 1959-இல். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கியது 1964-இல். பத்திரிகை, தொலைக்காட்சி, இளைஞர்களின் உடை எல்லாம் அங்கே பாடமாயின. 1968-இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் இரண்டு சகாக்களும் ஆங்கிலத் துறையையே கலைத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை மையத்தில் வைக்கும் துறையை அமைக்கச் சொன்னார்கள். ஆக, எந்த இலக்கியம், எந்தத் துறையோடு, யாருடைய மையத்திலிருந்து என்ற வழக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது.

எங்கள் கவலை வேறு. ‘பல்துறை’, ‘துறையிடை’ என்ற இரண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. ஒரே நாவலை இலக்கிய ஆசிரியர் ஒரு வாரமும் வரலாற்று ஆசிரியர் ஒரு வாரமும் நடத்தினால் அது பல்துறை. இருவரும் அவரவர் வழியில் பேசிவிட்டுப் போகலாம். ஒரு துறையின் சான்று இன்னொரு துறையின் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் அது துறையிடை ஆகிறது. அப்போது இரண்டு துறைகளின் விதிகளையும் மதிக்க வேண்டும். மாணவர்கள் வழுக்குவது இங்கேதான்.

விக்டர் என்ற இளைஞன் பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்து அதற்கு உயிர் கொடுக்கும் கதை, மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. அந்த நாவலையும் அறிவியல் வரலாற்றையும் சேர்த்து எழுதுவது எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் பிடித்தமான தலைப்பு. கைக்கெட்டும் தூரத்தில் தகவல்கள் கொட்டிக்கிடக்கின்றன. தவளைக் கால்களில் மின்சாரம் பாய்ச்சிய சோதனைகளை லூயிஜி கால்வானி 1791-இல் வெளியிட்டார். அவருடைய உறவினர் ஆல்டினி 1803 ஜனவரியில் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். பிணத்தின் தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது. 1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்ததால் 1816-இல் ஐரோப்பாவில் கோடையே இல்லை. ஜெனிவா ஏரிக்கரையில் வீட்டுக்குள் முடங்கிய நாள்களில்தான் கதை பிறந்தது. இவ்வளவு கையில் இருந்தால் கட்டுரை தானாக எழுதிக்கொள்ளும் என்று தோன்றும். தானாக எழுதிக்கொள்வதுதான் வினை.

‘நாவலில் கால்வானியின் கொள்கை’ என்று தலைப்பிட்டு எழுதுபவர் முதலில் சொல்ல வேண்டியது, எந்த நாவல் என்று. 1818-இல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்த முதல் பதிப்பு ஒன்று. மேரி ஷெல்லியே திருத்தி முன்னுரை எழுதி 1831-இல் வெளியிட்டது இன்னொன்று. மின்னல் தாக்கி ஓக் மரம் சிதறும் காட்சி இரண்டிலும் உண்டு. 1818-இல் சிறுவன் விக்டருக்கு மின்சாரத்தை விளக்குபவர் தந்தை. சின்ன மின்கருவி செய்து காட்டுகிறார், பட்டம் விட்டு மேகத்திலிருந்து மின்சாரம் இறக்குகிறார். 1831-இல் தந்தை ஒதுங்கிக்கொள்கிறார். அங்கே வந்திருந்த ஓர் அறிவியல் அறிஞர் விளக்குகிறார், அவர் வாயில்தான் ‘கால்வனிசம்’ (கால்வானி காட்டியதுபோல் மின்சாரத்தால் உடலை அசையவைப்பது) என்ற சொல் அந்தக் காட்சிக்குள் நுழைகிறது. உயிர் கொடுக்கும் காட்சியிலோ மின்னலும் இல்லை, இராட்சத இயந்திரமும் இல்லை. நவம்பர் மாத மழை இரவு, அணையப்போகும் மெழுகுவர்த்தி, ‘உயிர்க் கருவிகள்’ என்ற பிடிகொடாத சொல், ஒரு ‘பொறி’. அவ்வளவுதான். கண்ணுக்கு முன் பளீரென வெட்டும் அந்த மின்னல் 1931 திரைப்படத்தின் கொடை. படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி எழுதியவரை அந்த ஒரு பத்தி காட்டிக்கொடுத்துவிடும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளில் எந்தப் பதிப்பு என்று பல நேரம் போட்டிருக்காது. அத்தியாய எண்களைப் பாருங்கள். மூன்று பாகங்களாகப் பிரிந்து ஒவ்வொன்றிலும் அத்தியாயம் மறுபடி 1-லிருந்து தொடங்கினால் 1818. ஒரே தொடராக 24 வரை போனால் 1831. இன்னொரு அடையாளம் எலிசபெத்: முதல் பதிப்பில் விக்டரின் அத்தை மகள், பிந்தையதில் எடுத்து வளர்த்த பெண்.

இலக்கியத் துறையின் விதி இது என்றால், வரலாற்றுத் துறையின் விதி வேறு. ஆல்டினி 1803-இல் செய்தார், மேரி 1816-இல் எழுதத் தொடங்கினார், ஆகவே அதன் தாக்கம் என்று எழுதினால் வரலாற்று ஆசிரியர் ஏற்கமாட்டார். முன்னால் நடந்தது என்பது காரணமாகிவிடாது. அவர் அதை அறிந்திருந்ததற்குத் தடயம் வேண்டும். மேரியின் நாட்குறிப்பு அச்சில் இருக்கிறது. 1816 அக்டோபரில் ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் நூலைப் படித்ததாக அதில் குறித்திருக்கிறார். அது தடயம். 1831 முன்னுரையில் அவரே கால்வனிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அதுவும் தடயம்தான், ஆனால் 15 ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதியது, எடை கொஞ்சம் குறைவு. அனாதைப் பிணங்களை உடற்கூறு ஆய்வுக்குக் கொடுக்க வழிசெய்த பிரிட்டிஷ் சட்டத்தை 1818 நாவலுக்குக் காரணமாகக் காட்டும் கட்டுரைகளும் வருகின்றன. அந்தச் சட்டத்தின் ஆண்டு 1832. மகன் பிறந்த பிறகு அப்பாவுக்குப் பெண் பார்த்த கதை.

கணினியோடு சேர்த்துப் படிக்கும் ஆசை இப்போது அதிகம். நல்லதுதான், 1949-இலேயே ரொபெர்ட்டோ புஸா என்ற இத்தாலியப் பாதிரியார் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் எழுத்து முழுவதற்கும் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல்) தயாரிக்க ஐபிஎம் நிறுவனத்தின் உதவியை நாடினார். இன்று ஆன்ட்காங்க், வாயன்ட் போன்ற, சொற்களை எண்ணித் தரும் இலவச மென்பொருள்கள் மடிக்கணினியிலேயே ஓடும். தவறு நடப்பது மென்பொருளில் அல்ல, அதற்குள் போடும் கோப்பில். பழைய நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் இணையதளத்திலிருந்து இறக்கிய கோப்பின் தலையிலும் வாலிலும் உரிம வாசகங்கள் இருக்கும். அவற்றை வெட்டாமல் எண்ணினால் 19-ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் ‘எலக்ட்ரானிக்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கையாண்டதாகக் கணக்கு வரும். 1800-க்கு முந்திய அச்சுநூல்களை ஸ்கேன் செய்த பிரதிகளில் இன்னொரு கண்ணி. அக்காலத்தில் ‘எஸ்’ எழுத்தின் நீண்ட வடிவம் பார்ப்பதற்கு ‘எஃப்’ போலவே இருக்கும். இயந்திரம் ‘சேம்’ (அதே) என்பதை ‘ஃபேம்’ (புகழ்) என்று படித்துவிடும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி வாய் திறக்காது. 18-ஆம் நூற்றாண்டுக்குப் புகழ் மீது இவ்வளவு மோகமா என்று ஓர் அத்தியாயமே எழுதிவிடலாம், எல்லாம் காற்றில் கட்டியது.

எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடுவதும் கூடாது. 75,000 சொல் நாவலில் ஒரு சொல் 30 முறை, 1,50,000 சொல் நாவலில் 45 முறை என்றால் இரண்டாவதில்தான் அதிகம் என்று தோன்றும். 10,000 சொல்லுக்கு எத்தனை என்று போட்டால் முதலாவதில் 4, இரண்டாவதில் 3. கணக்கு முடிந்த பிறகு குறைந்தது இருபது இடங்களையாவது வாக்கியத்தோடு படித்துப் பார்க்க வேண்டும். அதே சொல் வேறு பொருளில் வந்திருக்கலாம். சுற்றி வந்து மறுபடி நுணுகி வாசிப்பதில்தான் நிற்கிறோம்.

அன்றாட நடைமுறைக்கு வருவோம். நாவல் மணிக்கு 30 பக்கம் ஓடும். கோட்பாட்டு நூல் 8 அல்லது 10 பக்கத்தைத் தாண்டாது. இரண்டையும் ஒரே வேகத்தில் திட்டமிடுபவர்தான் தேர்வுக்கு முந்தைய வாரம் சுருக்கத்தைத் தேடி அலைகிறார். 400 பக்க நாவலுக்கு 13, 14 மணி நேரம் ஒதுக்குங்கள்; தினம் ஒரு மணி என்றால் இரண்டு வாரம். வகுப்பில் அது தொடங்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

மேற்கோள் காட்டும் முறை சின்ன விஷயமாகத் தெரியும், ஆய்வேட்டின் கடைசி வாரத்தை விழுங்கும். இலக்கியத் துறையில் பரவலான எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) முறையில் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும். உளவியலிலும் சமூக அறிவியலிலும் புழங்கும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் பெயரும் ஆண்டும். வரலாற்றில் பெரும்பாலும் அடிக்குறிப்பு. இது வெறும் சடங்கு அல்ல. இலக்கியத்தில் சொல் எந்தப் பக்கத்தில் என்பது கேள்வி. உளவியலில் ஆய்வு எவ்வளவு புதியது என்பது கேள்வி. இரண்டு வழிகாட்டிகள் இருந்தால் எந்த முறை என்பதை முதல் வாரமே இருவரிடமும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எந்த முறையானாலும் குறிப்பெடுக்கும்போதே பதிப்பு, ஆண்டு, பக்கம் மூன்றையும் எழுதிவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் மேற்கோள்களையும் நூல் பெயர்களையும் நூலகப் பட்டியலில் பார்க்காமல் சேர்க்கவே கூடாது. இல்லாத கட்டுரைக்கு இருப்பதுபோலவே பக்க எண் கொடுக்கும் வல்லமை அவற்றுக்கு உண்டு.

நேர்காணல், வாய்மொழி வரலாறு என்று மனிதர்களிடம் பேசி எழுதுவதானால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பேசி முடித்த பிறகு விண்ணப்பித்தால் அனுமதி கிடைக்காது, சேகரித்ததையும் பயன்படுத்த முடியாது. இலக்கியத்திலிருந்து வருபவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. புத்தகத்திடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை அல்லவா. ஆறு மாத ஆய்வேடு என்றால் முதல் மாதத்திலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

வேலை பற்றிச் சுருக்கமாக. பதிப்புத் துறை, பிரதித் திருத்தம், மொழிபெயர்ப்பு, திரைப்படத் துணைத்தலைப்பு (சப்டைட்டில்), தொழில்நுட்ப ஆவணங்கள், ஆவணக் காப்பகம், ஆசிரியப் பணி, சட்டப் படிப்பு ஆகியவற்றுக்கு இங்கிருந்து வழி உண்டு. அங்கெல்லாம் சான்றிதழோடு எழுதிய பக்கங்களையும் கேட்பார்கள். படிக்கும் காலத்தில் நன்கு திருத்திய நான்கைந்து கட்டுரைகளைக் கையோடு வைத்திருப்பவருக்கு அங்கே பேச்சு எளிது.

சேர்க்கைக்கு வரும் பெற்றோரும் மாணவரும் துறையின் பளபளப்பான அறிமுக ஏட்டை விட்டுவிட்டு சில கேள்விகளைக் கேட்கலாம். ஆய்வு முறைகள் பற்றித் தனித் தாள் கட்டாயமாக இருக்கிறதா? இணைத்துப் படிக்கும் இரண்டாவது துறையில் அறிமுக நிலையைத் தாண்டி மேலே செல்லும் தாள்கள் உண்டா, இல்லை ஆறு துறையில் ஆறு அறிமுகத் தாள்தானா? பின்னது நுனிப்புல் மேய்ச்சல். எந்தத் துறையிலும் ஆய்வேடு எழுதும் அளவுக்கு அது கொண்டுபோகாது. இறுதியாண்டு ஆய்வேட்டை இரண்டு துறையினரும் சேர்ந்து மதிப்பிடுகிறார்களா? ஒரு துறைக்காரர் மட்டும் திருத்தினால் இன்னொரு துறையில் செய்த பிழை அவர் கண்ணில் படாது, ஃபிராங்கன்ஸ்டைன் கட்டுரை தப்பித்துவிடும். முக்கியமாக, ஒரு செமஸ்டரில் எத்தனை கட்டுரை எழுத வேண்டும், திருத்திய தாள் எத்தனை வாரத்தில் மாணவர் கைக்குத் திரும்பும்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லும் துறையில் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம் என்பது எங்கள் கருத்து.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கல்விப் பக்கத்தில் இந்தப் படிப்பைப் பற்றி வெளியிடும்போது வேலைவாய்ப்புப் பட்டியலுக்குப் பதிலாக, ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டு வினாத்தாளை அப்படியே அச்சிடுங்கள். அதைப் படித்துவிட்டு ஒரு கேள்விக்காவது பதில் எழுதிப் பார்க்கத் தோன்றும் மாணவர் விண்ணப்பம் வாங்க வரட்டும்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கியமும் துறையிடைப் பாடங்களும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்